முதல் சார்ஜ்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த இடம் முன்பு அரிசி ஆலையாக இருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து அவித்த நெல் வாடை கிளம்பும். லித்தியம் பேட்டரி செய்கிற இடத்தில் புழுங்கல் அரிசி மணக்கிறதே என்று வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஊரில் என்னோடு ஒட்டிக்கொண்ட ஒரே விஷயம் அந்த வாடைதான்.

ஆலையை வாங்கிய முதலாளி வெளிநாட்டில் இன்ஜினியராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஒரு கம்பெனி கழித்துப்போட்ட இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றி வந்து, மூட்டை அடுக்கும் கிடங்கை ஈரம் புகாத அறையாக மாற்றி, கல்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போகும் சூரிய விளக்குகளுக்கு செல் செய்ய ஆரம்பித்திருந்தார். செல் என்றால் டார்ச் லைட்டில் போடுகிற உருளை இல்லை. உள்ளங்கை அகலம், வெள்ளி நிறம், பார்க்க ஷாம்பு பாக்கெட் மாதிரி இருக்கும்.

அந்தச் செல்களுக்கு முதல் தடவை சார்ஜ் ஏற்றுவது என் வேலை. "அதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கேட்டாள். அதற்குத்தான் படித்தேன். என் ஆராய்ச்சி முழுக்க அந்த முதல் சார்ஜைப் பற்றியது, அதிலும் குறிப்பாக அப்போது உள்ளே கட்டுகிற ஒரு படலத்தைப் பற்றியது.

செல்லுக்குள் ஒரு பக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தகடு. மறுபக்கம் லித்தியம் உள்ள பூச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம். முதல் தடவை மின்சாரம் ஏறும்போது அந்தத் திரவத்துக்கும் கிராஃபைட்டுக்கும் ஒத்துப்போகாது. தொட்ட இடத்தில் திரவம் சிதையும். சிதைந்தது அங்கேயே படிந்து, பால் மேல் ஆடை கட்டுகிற மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத மெல்லிசில், கிராஃபைட்டை மூடிக்கொள்ளும். மூடியபின் திரவத்தால் அதைத் தொட முடியாது, சிதைவதும் நின்றுபோகும். லித்தியம் மட்டும் அந்த ஆடை வழியாகப் போகும், வரும். எதை விட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். அதைக் கட்டுவதற்குக் கொஞ்சம் லித்தியம் செலவாகும். போனது போனதுதான், திரும்பி வராது. அதைக் கொடுக்காமல் எந்தச் செல்லும் நாலு நாள் உருப்படியாக ஓடாது.

இதில் அவசரம் ஆகாது. வேகமாக ஏற்றினால் ஆடை பொத்தல் பொத்தலாகக் கட்டும். அப்புறம் ஒவ்வொரு தடவை சார்ஜ் போடும்போதும் அந்தப் பொத்தலில் திரவம் புகுந்து சிதைந்துகொண்டே இருக்கும். செல் தன்னைத்தானே தின்று தீர்க்கும். அதனால் முதல் சார்ஜை மிக மெதுவாக ஏற்றி, பிறகு வெதுவெதுப்பான அறையில் யாரும் தொடாமல் சில நாள் வைத்திருக்க வேண்டும். இரண்டும் நடப்பது ஒரே அறையில்தான். ஜன்னல் கிடையாது. புதுச் செல்கள் தட்டுத் தட்டாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

வேலைக்கு வரும் பெண்கள் அந்த அறைக்குக் 'குச்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன் தென்னை ஓலையில் ஒரு குச்சு கட்டுவான். தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் பெண் அதற்குள் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர். ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. பெண்களில் மூத்தவரை நான் தட்டு அக்கா என்று கூப்பிடுவேன், தட்டுகளைத் தூக்கி அடுக்குவது அவர் வேலை. சின்னசேலம் பக்கத்துக்காரர். குச்சுக் கதவின் மேல் அவர் வேப்பிலை சொருகி வைத்தார். முதலாளி சிரித்தார். கதவுக்கு வெளியேதானே, இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

சேர்ந்த புதிதில் தட்டு அக்கா கேட்டார்: "மேடத்துக்கு ஊரு எதுங்க? அப்பா இன்னா பண்றாரு?"

"சேலம் பக்கம்" என்றேன். அப்பாவைப் பற்றிய கேள்வி காதில் விழாத மாதிரி தட்டை எண்ணினேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. அப்பா இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பாதி உண்மை.

என் ஊர் சேலம் பக்கம் இல்லை. மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில்; காலையில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே என் அப்பா கரும்பு போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிப்போனாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு உரக்கடை மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். சாயங்காலம் ஜன்னலில் நின்றால் எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸின் போர்டு தெரியும். அந்த பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு நாளும் ஏறவில்லை.

நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இடஒதுக்கீடு கேட்டுப் பெரிய போராட்டம் நடந்தது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு, பஸ் ஓடாமல், ஊரே வெளியில் இருந்த நாட்கள். அப்பா அப்போது மீசை அரும்பிய வயதில் ரோட்டில் படுத்தவர். தடியடியில் இடது தோள் இறங்கியது. இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பாது. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று அந்தக் கையாலேயே ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தார். "இது எம் பொண்ணு வாங்குன சீட்டு இல்லப்பா, நாங்க ரோட்டுல படுத்து வாங்குன சீட்டு" என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ராத்திரி பகலாகப் படித்தவள் நான்.

அந்த சீட்டு என்னை ஆராய்ச்சிக் கூடம்வரை கொண்டுபோனது. அங்கே கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வேறு சாதி. ஊருக்குப் போய் நேரில் சொன்னபோது அப்பா கரும்பில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார். "அந்த சீட்டு இதுக்கா?" என்று கேட்டார். பிறகு சோகையை உரிப்பதைத் தொடர்ந்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. போன் போட்டால் எடுப்பார். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார். எடுக்காமலே இருந்திருந்தால் நான் போட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

கல்யாணம் தப்பென்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அப்பாவின் குரல் இல்லாமல் இருப்பது வேறு சங்கதி. கணவர் கொரியாவில் ஒரு பேட்டரி கம்பெனிக்கு வேலைக்குப் போனார். நானும் போவதாக இருந்தது. கொரோனா வந்து விமானங்கள் நின்றன. நல்ல சம்பளத்தில் வேறு ஊர்களில் வேலை இருந்தும் நான் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். கேட்டவர்களிடம் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அந்த பஸ் போர்டுதான். என்றாவது அவர் பேசுவார், பேசுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் மறுபடியும் இடஒதுக்கீட்டுப் போராட்டம் கிளம்பியது. எங்கள் சமூகத்துக்குத் தனியாகக் கொடு என்று கேட்டு ஊருக்கு ஊர் மனு, கூட்டம், மறியல். எங்கள் ஆலை பெரிய ரோட்டின் மேலேயே இருந்ததால் எல்லா ஊர்வலமும் தகர கேட்டை உரசிக்கொண்டுதான் போகும். கூட்டத்தில் வயசானவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இடது தோளைப் பார்ப்பேன்.

முதல் மறியலுக்கு முந்தின நாள், சாயங்காலமே ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. குச்சில் ஒரு பெரிய தொகுதி அப்போதுதான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இயந்திரம் தானாக ஓடும், தானாக நிற்கும். நான் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு மத்தியானமே உரக்கடை மாடிக்குப் போய்விட்டேன். பெண்கள் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார்கள்.

மறியல் முடிந்து நான் திரும்பி வருவதற்குள் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் காலியாக ஒரு பை விட்டிருப்போம். முதல் சார்ஜில் வெளியாகும் வாயு அதில் போய்ச் சேரும். பிறகு பையை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டிவிடுவோம். பெண்கள் உப்பிய பைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் திரையில் பாதியில் நின்றதாகக் காட்டியது. அன்று கரண்ட் வேறு போயிருந்தது, அதனால் திரை அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். விளக்குகள் மலைக்குப் போயாக வேண்டும் என்று முதலாளி காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டு நின்றார். செல்கள் போயின.

மழை முடிந்து பனி இறங்கத் தொடங்கியபோது வெள்ளிமலையிலிருந்து புகார் வந்தது. விளக்குகள் மங்குகின்றன. நான் வேனில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது காது அடைத்தது. சாமை அறுத்த கொல்லைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், என் வயதுள்ள ஒரு பெண் விளக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான்.

"வந்தப்ப நல்லாதான் எரிஞ்சுதுங்க. அப்பறம் நாளுக்கு நாள் சோந்து சோந்து, இப்ப சோறு வடிக்கறதுக்குள்ள அணைஞ்சுபூடுது" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "வேற குடுப்பீங்களா? தனியா இருக்கறனுங்க. இருட்டுல பேச்சுத் தொணைக்கு ஒரு வெளிச்சமாச்சும் வேணும்."

கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். இறங்கும் வழியெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் இருந்தது. எனக்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை. உரக்கடை மாடியில் ட்யூப் லைட் பளீரென்று எரியும்.

ஒரு செல்லைச் சார்ஜ் ஏற்றி, ஈரம் புகாத அறையில் பிரித்துப் பார்த்தேன். முழுதாக சார்ஜ் ஏறிய கிராஃபைட் பொன் நிறத்தில் இருக்க வேண்டும். இது திட்டுத் திட்டாகக் கறுத்தும் சாம்பல் பூத்தும் கிடந்தது. ஆடை அரைகுறையாகக் கட்டியிருக்கிறது. முதல் சார்ஜ் பாதியில் நின்றிருக்கிறது. மீதியை விளக்கில் பொருத்தும் இடத்தில் அவசரச் சார்ஜாக ஏற்றியிருக்கிறார்கள். நான் கத்தினேன். யார் தட்டை எடுத்தது?

"நாங்கதாங்க" என்றார் தட்டு அக்கா, மறைக்கிற எண்ணமே இல்லாமல். "மறியலுக்கு மொத நாளு சாயந்தரம் எடுத்து வெளிய வெச்சோம். மறுநாளு பூரா இங்க ஒரு ஆளும் இருக்காது. குச்சுல இருக்கறத ஆளில்லாத வூட்டுல தனியா வுட்டுட்டுப் போவாங்களா? பையும் உப்பிப்போச்சு, ஆயிப்போச்சுன்னு நெனச்சோம்."

வாயு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்துவிடும். பை உப்புவது பாதி வேலைக்கு முன்னாலேயே நடக்கும். அதை நான் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. குச்சு என்று பெயர் வைத்தபோது சிரித்தவள் நான். அவர்கள் அதை விளையாட்டுக்கு வைக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இருட்டிவிட்டால் நிஜக் குச்சில் பெண்ணைத் தனியாக விடவே மாட்டார்கள். ராத்திரி ஒரு பொம்பளை கூடப் படுப்பாள். குறுக்கே உலக்கை கிடக்கும். எனக்குச் சின்னம்மா வந்து படுத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நான் திட்டவில்லை. ஏனென்றால் எனக்கு என் குச்சு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பகலில் எல்லோரும் கொல்லைக்குப் போய்விடுவார்கள். பச்சை ஓலை வெயிலில் காய்கிற மணத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அப்பா வருவார். முகம் பார்க்கக் கூடாது என்பதால் ஓலைக்கு வெளியே, முதுகைக் காட்டி உட்காருவார். என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரியும் இருக்காது. "சக்கரை மில்லுல டிராக்டர் வரிசை ரோடு வரைக்கும் நின்னுக்கினு இருக்குது. நம்ம வண்டிக்கு நாளைக்குத்தான் எடை" என்பார். "செவலைக்குக் கால்ல முள்ளு" என்று பசுவைப் பற்றிச் சொல்வார். நான் கேட்கிறேன் என்று தெரிவிக்க டம்ளரால் தட்டில் ஒரு தட்டு தட்டுவேன். சத்தம் கேட்டால் அடுத்ததைச் சொல்வார். கேட்காவிட்டால், "தூங்கிட்டியா?" என்பார். அதற்கும் ஒரு தட்டு.

முதலாளி நேராகச் சொன்னார்: "இன்னொரு தொகுதி கெட்டா, மலைக்காரங்க நம்மகிட்ட வாங்க மாட்டாங்க மேடம். மூட வேண்டியதுதான்." அடுத்த தொகுதியை வேகமாக ஏற்றி முடித்துவிடலாமா என்றும் கேட்டார், அடுத்த மறியலுக்கு நாள் குறித்திருந்தார்கள். முடியாது என்றேன். மறியல் நாட்களில் நானே குச்சோடு இருக்கிறேன் என்றேன். ஆலை மூடினால் நான் வேறு ஊருக்குப் போக வேண்டும். அப்புறம் பஸ் போர்டு கிடையாது.

தட்டு அக்கா ஒரு பாத்திரத்தில் புளிச்சோறு கட்டிக் கொடுத்து, "கூட ஆளு இருக்குது, இனிமே ஒண்ணும் ஆவாது" என்று செல்களிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

மறியல் அன்று காலையிலிருந்து ரோட்டில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. கோஷம் வரும், அடங்கும். நான் திரையைப் பார்ப்பதும், முன்பு நெல் காயப்போட்ட களத்தில் நடப்பதுமாக இருந்தேன். வெயில் ஏறியபோது கேட்டுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

அந்த இருமலை எனக்குத் தெரியும். சோகை எரிக்கிற புகையில் வந்த இருமல். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தேன். வெடித்த குதிகால், கரும்பு வெட்டும் கத்தி பட்டு ஒதுங்கிப்போன சுண்டுவிரல். நான் இங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. எவனாவது சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் எதுவும் தங்காது.

ஓடினேன். துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தேன். தகரம் அதிரத் திறந்தது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். வேக வேகமாக, திரும்பிப் பார்க்காமல். "அப்பா" என்றேன். கோஷத்தில் எனக்கே கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே நின்று அழுதேன். கொடி பிடித்திருந்த ஒருவர், "இன்னாம்மா? யாரனா இன்னா சொன்னாங்களா?" என்று விசாரித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுதானே என் குறையே.

உள்ளே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சார்ஜ் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. முதல் சார்ஜை மெதுவாக ஏற்று என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், அத்தனை வருஷத்துக்கப்புறம் ஒரு மனுஷன் வாசல்வரை வந்து இருமினால், தகரம் அதிரக் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள்.

மறுநாளும் மறியல். நான் காலையிலேயே ஒரு பழைய சாக்கை எடுத்துவந்து கேட்டுக்கு உட்புறம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெயில் ஏறியது. கேட்டின் நிழல் வெளிப்பக்கம் சாய்ந்த நேரத்தில் துண்டை உதறும் சத்தம் கேட்டது. யாரோ தரையில் உட்கார்ந்து தகரத்தில் முதுகைச் சாய்த்தார்கள். தகரம் என் பக்கம் லேசாகப் புடைத்தது.

நான் அசையவில்லை. மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டேன்.

பிறகு, யாரோ வழிப்போக்கனிடம் சொல்கிற மாதிரி அப்பா சொன்னார்: "மில்லுல கரும்புக்கு வெட்டு உத்தரவு இன்னும் வரல."

அந்தக் குரல் கிழடு தட்டியிருந்தது. எனக்கு எங்கே அழுகைச் சத்தம் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கையில் குச்சுச் சாவி இருந்தது. அதைக்கொண்டு தகரத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

வெளியே நிசப்தம். போய்விட்டார், கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"போருல தண்ணி கீழ எறங்கிப்போச்சு" என்றார். "இன்னும் கொஞ்சம் ஆழமா ஓட்டலாம்னு சொல்றாங்க."

ஒரு தட்டு.

"கூரை வூட்ட பிரிச்சுட்டேன். எலி ஜாஸ்தி."

ஒரு தட்டு. அந்தக் கூரை வீட்டில்தான் அம்மா இருந்தாள்.

இப்படியே போயிற்று. யார் யார் செத்தார்கள், யாருக்கு டிராக்டர் வந்தது, பக்கத்துக் கொல்லைக்காரனோடு வரப்புத் தகராறு. என் கல்யாணத்தைப் பற்றி ஒன்றுமில்லை. அவர் வராமல் இருந்த வருஷங்களைப் பற்றியும் ஒன்றுமில்லை. அவை ஆடை கட்டச் செலவாகிப்போன லித்தியம் மாதிரி, அவரும் எடுக்கப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புளிச்சோற்றில் பாதியை இலையில் வைத்துக் கேட்டுக்கு அடியில் தள்ளினேன். இலை மெல்ல நகர்ந்து வெளியே போயிற்று.

சாப்பிட்டு முடித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உள்ள என்னாத்தையோ வெச்சுக் காவல் காக்கறியாமே. டீக்கடையில சொன்னாங்க. இன்னும் எத்தினி நாளு ஆவும் அதுக்கு?"

அது கேள்வி. தட்டிப் பதில் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தேன். "கொஞ்ச நாள் ஆவும்பா. அவசரப்பட்டா கெட்டுப்பூடும்."

"ஆவட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் மறியல் இருக்குது. இங்கதான் உக்காருவேன்."

போராட்டம் வாபஸ் என்று அதற்கு முன்பே என் போனுக்குச் செய்தி வந்திருந்தது. பேச்சுவார்த்தைக்கு அழைத்திருக்கிறார்களாம். ரோட்டில் கொடிகளைச் சுருட்டுவதும், டிராக்டர்கள் கிளம்புவதும் எனக்குக் கேட்டது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"சரிப்பா" என்றேன்.

மறுநாள் பஸ் ஓடியது. பெண்கள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். நான் ரோட்டு முனையிலேயே நின்று, கேட்டைத் திறக்கக் கூடாது, எல்லோரும் உமி மேட்டைச் சுற்றிப் பின்பக்கமாகப் போங்கள் என்றேன். முள்ளும் சகதியுமான வழி. "வாசலு இவ்ளோ பெருசா இருக்க, கொல்லைப்பக்கமாப் போவணுமா? இன்னாங்க மேடம், கேட்டையும் குச்சுல ஒக்கார வெச்சுட்டீங்களா?" என்று தட்டு அக்கா கிண்டல் செய்தார். ஆனால் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முதல் ஆளாக அவர்தான் நடந்தார்.

வெயில் ஏறிய நேரத்தில் துண்டை உதறும் சத்தம் கேட்டது. நான் என் சாக்கில் உட்கார்ந்தேன். செவலையின் பேத்தி கன்று போட்டிருக்கிறதாம். ஒரு தட்டு தட்டினேன்.

அப்போது முதலாளியின் கார் வந்து கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. "மறியல் நடந்துக்கினு இருக்குது, அப்பால வாங்க" என்று அவர் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன.

என் போன் அடித்தது. முதலாளி காருக்குள்ளிருந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், கேட்டுக்கு முன்னால ஒரு பெரியவர் உக்காந்துக்கிட்டு மறியல்ங்கறார். அதுதான் வாபஸ் ஆயிடுச்சே. யாரு இவரு?"

தகரம் என் முதுகில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எங்கப்பா சார்" என்றேன். "நீங்க பின்பக்கமா வந்துடுங்க."